நீர் ஊற்றலாம், நிய்யத் அவருடையது

உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தந்தவன் அதில் பாதியை ஒரே நொடியில் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. காலையில் பஜ்ருத் தொழுகைக்குத் தம் காலால் நடந்து போன மனிதர், லுஹருக்குள் வாய் கோணி, நாக் குழறி, ஒரு பக்கக் கையும் காலும் வராமல் கட்டிலில் கிடக்கிறார். "கை கால் விழுந்துவிட்டது" என்று நம் பக்கத்து மக்கள் சொல்வார்கள். மருத்துவர்கள் பக்கவாதம் என்பார்கள். அரபுக் கிதாபுகளில் இதற்கு ஃபாலிஜ் என்று பெயர்.

இந்நோய் தாக்கிய அன்று என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். முகம் கோணினாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள் என்கிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வாயில் சோடாவோ, கஞ்சியோ, ஏன், ஸம்ஸம் தண்ணீரையோ கூட ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும். இவையெல்லாம் முதல் நாளுக்குரிய பாடங்கள்.

நாம் இங்கே சிந்திக்கப் போவது அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. உயிர் தப்பி, வீடு வந்து சேர்ந்த பின்பு மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கில் நீளும் நாட்கள் அவை. பெற்றோருக்குப் பணிவிடை செய்வது கடமை என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பணிவிடை என்பது என்ன? அவருக்காக எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துவிடுவதா? அல்லது அவரால் ஆவதை அவரையே செய்யவிட்டுப் பக்கத்தில் காத்து நிற்பதா? பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஒரு மனிதர் மீண்டும் மனிதராக எழுவதும் வீட்டு மூலையில் ஒரு சாமானாகக் கிடப்பதும் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையில் அடங்கியிருக்கின்றன.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட யாருடைய வீடும் அன்று; பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து வரைந்த படம். கரிசல் பூமி, வானம் பார்த்த வெள்ளாமை, தீப்பெட்டி வேலை. அந்த ஊரில் சிறிய பலசரக்குக் கடை வைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் வீட்டுப் பெரியவர். ஒரு மகன் வளைகுடா நாட்டில். இன்னொருவன் அத்தாவுக்குத் துணையாகக் கடையில். ஒரு மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. கடைசி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவரைப் பக்கவாதம் தாக்குகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். வலக் கையும் வலக் காலும் வரவில்லை. பேச்சு இரண்டொரு சொல்லாகக் குறுகிவிட்டது.

எல்லோரும் அன்போடுதான் ஓடி வருகிறார்கள். மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். மகன் குளிப்பாட்டித் துணி உடுத்துகிறான். கடைச் சாவியும் கணக்கு நோட்டும் மகன் கைக்குப் போகின்றன. "அத்தா, நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாம், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லித்தான் வாங்குகிறான். மகளின் சம்பந்தப் பேச்சு அடுத்த அறையில் நடந்து முடிகிறது. நோயாளிக்கு அலட்டல் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அவர் தலைக்கு மேலாக அவர் மனைவியிடம் கேட்கிறார்கள்: "சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?"

மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்! பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். மனைவி களைத்து இளைத்துப் போயிருக்கிறார். மகனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்காக அவனே வருந்துகிறான். இந்த வீட்டில் யாரும் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நன்மை செய்தார்கள். அந்த நன்மைகளெல்லாம் சேர்ந்து, அவரிடம் மிஞ்சியிருந்த பாதியையும் எடுத்துக்கொண்டன!

ஒளுவில் ஒரு பாடம்

இதற்கு வழி என்ன? மார்க்கச் சட்டம் நோயாளியை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். நாம் தினமும் செய்கிற ஒளுவிலிருந்தே தொடங்கலாம்.

ஆரோக்கியமான ஒருவர் தம் உறுப்புகளைப் பிறரைக் கொண்டு கழுவிக்கொள்வது நல்லதன்று என்பது சட்டம். கை வராத நோயாளிக்கு அந்தத் தடை இல்லை. மகன் நீர் ஊற்றலாம். முகத்தையும் கைகளையும் கழுவிவிடலாம். தலைக்கு மஸஹு செய்துவிடலாம். ஷாஃபிஈ மத்ஹபில், தாமே செய்ய முடியாதவர் உதவியாளைத் தேடிக்கொள்வது கடமை என்றே சொல்கிறார்கள். உதவிக்கு அவ்வளவு தாராளமாக வாசல் திறந்திருக்கிறது.

ஆனால் ஓரிடத்தில் அந்த வாசல் நின்றுவிடுகிறது. நிய்யத் யாருடையது? ஷாஃபிஈகளிடம் ஒளுவின் நிய்யத் பர்ளு, ஹனஃபிகளிடம் சுன்னத். எப்படியானாலும் அந்த நிய்யத் கழுவிவிடுகிற மகனுடையதன்று. கட்டிலில் அமர்ந்திருக்கும் தந்தையுடையது. நீர் ஊற்றும் கை எவருடையதாகவும் இருக்கலாம். "நான் ஒளுச் செய்கிறேன்" என்ற எண்ணம் மட்டும் அவருடைய கல்பிலிருந்தே வர வேண்டும். அவர் செயலற்றுக் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் ஒளுச் செய்கிறவர் அவரே!

தொழுகையும் அப்படியே. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் துன்புற்றபோது, எப்படித் தொழுவது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிற்க முடிந்தால் நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். புகாரி ஷரீஃபில் பதிவான ஹதீஸ் இது. நிலைக்குத் தக்கபடி செயல் இறங்கி வருகிறது. ருகூஉம் ஸஜ்தாவும் தலையசைப்பாகச் சுருங்குகின்றன. ஆனால் "உமக்கு முடியவில்லை, உம் மகனைத் தொழச் சொல்லும்" என்ற சொல் வரவே இல்லை. வியாபாரத்தில் வக்கீல் வைக்கலாம். தொழுகைக்கு வக்கீல் இல்லை.

இது நோயாளிக்குச் சுமை என்று சிலர் நினைக்கலாம். சற்று ஆழ்ந்து பாருங்கள். எல்லாம் பறிபோன ஒருவரிடம், "இதை நீர்தான் செய்ய வேண்டும், உம்மையன்றி யாரும் செய்ய முடியாது" என்று நாளைக்கு ஐந்து முறை ஒரு குரல் வந்து கூப்பிடுகிறது. அவர் இன்னும் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? அவரால் ஆகாமல் போனதற்கும் கணக்குக் கெடவில்லை. ஆரோக்கியத்தில் ஓர் அடியான் வழக்கமாகச் செய்துவந்த நற்செயல், அவன் நோயுற்ற நாளிலும் அவனுக்கு எழுதப்படுகிறது என்ற நற்செய்தியை அபூமூஸா (ரலி) அவர்கள் நாயகத்திடமிருந்து அறிவித்திருக்கிறார்கள்.

உணவிலும் இதே நியாயம்தான். வலக் கை விழுந்தவர் இடக் கையால் உண்ண முயலும்போது, "இடக் கையாலா?" என்று பதறித் தட்டைப் பிடுங்கி ஊட்டுகிற வீடுகள் உண்டு. நோயோ காயமோ வலக் கையைத் தடுத்தால் இடக் கையால் உண்பதில் வெறுப்பே இல்லை என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதிவைத்திருக்கிறார்கள். மார்க்கம் விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும்?

சொத்தும் சொல்லும்

இபாதத்தோடு இது முடிந்துவிடவில்லை. கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம்.

மரணப் படுக்கையில் கிடப்பவர் தம் சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தால், வாரிசுகளின் உரிமையைக் கருதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. பக்கவாதக்காரரும் அந்தக் கணக்கில் சேருவாரா? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எழுதிய ஹனஃபிச் சட்ட நூலான ஹிதாயா இதற்குப் பெயர் குறிப்பிட்டே விடை சொல்கிறது. நடமாட இயலாதவர், ஃபாலிஜ் கண்டவர் ஆகியோரின் நோய் நீண்டுபோய், அதனால் உடனே மரணம் வரும் என்ற அச்சம் நீங்கிவிட்டால், அவர் கொடுக்கும் கொடை முழுச் சொத்திலிருந்தும் செல்லும். அதாவது அவர் ஆரோக்கியமானவரைப் போலவே கருதப்படுகிறார். எட்டு நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் அவரை இறந்தவர்களின் வரிசையிலிருந்து எழுப்பி உயிருள்ளவர்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டது. நாமோ நோய் கண்ட மறுநாளே சாவியை வாங்கிவிடுகிறோம்!

பேச்சு வராதே, அவர் விருப்பத்தை எப்படி அறிவது என்று கேட்கலாம். பேச முடியாதவரின் பழக்கப்பட்ட சைகை, நாவால் சொன்னதற்குச் சமம் என்பது ஃபிக்ஹின் விதி. 19-ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இது 70-ஆவது விதியாக இடம் பெற்றது. பிற்காலத்தில் நாவு கட்டுப்பட்டவர் விஷயத்தில் ஹனஃபி நூல்கள் அவசரப்படுவதில்லை. அந்த நிலை நீடித்து, அவருடைய சைகை இன்னதென்று தெளிவாகத் தெரிந்த பின்பே ஏற்கச் சொல்கின்றன. இந்த எச்சரிக்கைக்குள் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. சைகை பழக்கமாக வேண்டுமானால் யாராவது ஒருவர் அவர் அருகில் அமர்ந்து அதைப் பழகியிருக்க வேண்டும் அல்லவா? கண்ணை மூடினால் சரி, தலையைத் திருப்பினால் வேண்டாம் என்று அறிந்துகொள்ளும் பொறுமை வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? யாரும் கேட்காத வீட்டில் சைகை எப்படிப் பழகும்?

மகளின் நிக்காஹ் காரியமும் இத்தகையதே. தந்தை அறிவோடு இருக்கும்வரை வலீ அவர்தான், அண்ணன் அல்லன். எழுந்து சபைக்கு வர முடியாவிட்டால், அவர் சம்மதம் பெற்று, அவரே நியமிக்கும் வக்கீலைக் கொண்டு நடத்தலாம். ஆனால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் பேசி முடிப்பது, அவர் உரிமையை அவர் வீட்டிலேயே பறிப்பதாகும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. கையெழுத்துப் போட முடியாதவரின் கைநாட்டு செல்லும். உடல் நலிவால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வர இயலாதவரின் வீட்டுக்கே அதிகாரி வந்து பார்ப்பதற்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தம் சொத்தையும் பண விவகாரங்களையும் மற்றவர்களைப் போல் தாமே ஆள உரிமையுடையவர்கள் என்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது.

நாட்டையே ஆண்டவர்

பேச்சுப் போனால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்குத் தமிழ்நாடு முழுவதும் கண்ட உதாரணம் ஒன்று உண்டு. 1984 அக்டோபரில் அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் பதவி ஏற்றார். பேச்சு முன்போல் தெளியவில்லை. ஆனாலும் 1987 டிசம்பர் 24-இல் மறையும்வரை அவரே முதலமைச்சர்.

அவருடைய அரசியலைப் பற்றி இங்கே நமக்குப் பேச்சில்லை. குழறும் நாவோடு திரும்பிய ஒருவரிடம் ஒரு மாநிலத்தின் பொறுப்பையே மக்கள் விட்டுவைத்தார்கள். நாம் நம் அத்தாவிடம் ஒரு கடையின் கணக்கு நோட்டைக் கூட விட்டுவைப்பதில்லை. இது நியாயமா என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு மருத்துவ உண்மையும் உண்டு. பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப் பக்கத்தில். அங்கே அடிபட்டால் வலக் கையோடு பேச்சும் போகிறது. சொல்ல வேண்டியது நெஞ்சில் நிற்கும்; சொல் மட்டும் வாய்க்கு வராது. பிறர் பேசுவது ஓரளவோ முழுவதுமோ விளங்கும். அவரைச் செவிடர் என்று நினைத்துக் கத்துவதும், குழந்தை என்று நினைத்துக் கொஞ்சுவதும், மரம் என்று நினைத்து அவர் முன்னிலையிலேயே வைத்தியச் செலவைப் பேசுவதும் எவ்வளவு பெரிய கொடுமை! தாய் தந்தையரைச் சலிப்பின் சிற்றொலியால் கூட நோகடிக்க வேண்டாம் என்று தடுக்கும் பனீ இஸ்ராயீல் சூராவின் 23-ஆம் ஆயத், அத்தோடு நிற்கவில்லை. அவர்களிடம் கண்ணியமாகப் பேசவும் கட்டளையிடுகிறது. அவர்களைப் பற்றிப் பேசுவது அன்று, அவர்களிடம் பேசுவது! மறுமொழி வரத் தாமதமாகும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பும் கண்ணியத்தில் சேரும்.

அபான் (ரஹ்) அவர்களை உற்றுப் பார்த்தவர்

நோயாளியைப் பார்க்கப் போகும் உறவினருக்கும் ஒரு சொல். ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபான் (ரஹ்) தாபியீன்களில் ஒருவர். மதீனாவின் ஆளுநராகவும் இருந்தவர். காலையிலும் மாலையிலும் ஓத வேண்டிய பாதுகாப்பு துஆ ஒன்றைத் தம் தந்தை வழியாக நாயகத்திடமிருந்து அறிவித்தவர். அவரையே ஃபாலிஜ் தாக்கியது. ஹதீஸைக் கேட்ட ஒருவர், ஓதினால் தீங்கு வராது என்கிறாரே, இவருக்கே வந்திருக்கிறதே என்பது போல அவரை உற்று உற்றுப் பார்த்தார். அபான் (ரஹ்) அவர்கள், ஏன் அப்படிப் பார்க்கிறீர் என்று நேராகக் கேட்டுவிட்டு, தாம் சொன்ன ஹதீஸில் பொய் இல்லை, நோய் தாக்கிய நாளில் அதை ஓதத் தவறிவிட்டதாகப் பதில் அளித்தார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இச்செய்தி இருக்கிறது.

இதில் இரண்டு பாடங்கள். பாதி உடல் மடங்கிய பின்பும் அவர்கள் ஹதீஸ் அறிவிக்கும் ஆசிரியராகவே இருந்தார்கள். மார்க்கம் கற்க வந்தவர்கள் அவரிடமே வந்தார்கள். அடுத்தது, நோயின் காரணத்தைத் தம்மைப் பற்றித் தாமே சொன்னார்கள். உற்றுப் பார்த்தவருக்கு அந்த உரிமை இல்லை. நாமோ நோயாளியின் கட்டிலருகில் உட்கார்ந்து, "செய்வினையா இருக்குமோ, யார் பாவமோ, எந்த ஹக்கோ" என்று ஆராய்கிறோம். ஐயூப் (அலை) அவர்கள் நீண்ட நோயில் கிடந்தது எந்தப் பாவத்துக்காக? நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏன் வந்தது என்பதன்று. இன்று என்ன முடிந்தது என்பதே.

வந்தவர்கள் சொல்லும் வைத்தியத்திலும் கவனம் வேண்டும். விழுந்த கை காலில் புறா இரத்தத்தைத் தேய்க்கச் சொல்வது நம் நாட்டில் பழைய வழக்கம். அதனால் மூளையில் அடைபட்ட குழாய் திறக்காது. ஓட்டப்பட்ட இரத்தம் நஜீஸ். உடம்பில் இருக்கும்வரை தொழுகையும் கூடாது. குணமும் இல்லை, தொழுகையும் இல்லை என்றால் அதில் மிஞ்சுவது என்ன?

மருத்துவம் சொல்வதும் அதுவே

மூளையின் ஒரு பகுதி மடிந்தாலும், அக்கம்பக்கத்துப் பகுதிகள் அதன் வேலையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளக் கூடியவை என்பது இன்றைய மருத்துவம் தெளிவாக அறிந்த விஷயம். முதல் சில மாதங்களில் இது விரைவாக நடக்கும், பிறகு மெதுவாகும், ஆயினும் அடியோடு நின்றுவிடாது. அந்தக் கல்விக்கு ஆசிரியர், உறுப்பைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவதுதான். பயன்படுத்தாத கையை மூளை மறந்துபோகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப் இதை ஆராய்ந்து, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, நலிந்த கையையே வேலை வாங்கும் பயிற்சியை வகுத்தார். 222 நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரண்டு வாரப் பயிற்சியிலேயே கையின் இயக்கம் மேம்பட்டதைக் காட்டியது. அவர்கள் எல்லோரும் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்கள். எனவே மருத்துவரைக் கேளாமல் வீட்டில் யாரும் நல்ல கையைக் கட்டிவிட வேண்டாம். நமக்கு வேண்டிய பாடம் வேறு: நாம் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அவர் கை கற்றிருக்கக் கூடிய ஒரு பாடத்தைக் குறைத்துவிடலாம்.

பயிற்சி சொல்லித்தரப் பாளையங்கோட்டைக்கே ஒவ்வொரு முறையும் போக வேண்டும் என்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வருகிறவர் வாரத்தில் சில நிமிடமே இருப்பார். மற்ற நேரமெல்லாம் வீட்டார்தான் ஆசிரியர்கள்.

சில மறுப்புகள்

"இதெல்லாம் ஓய்வுள்ளவர்களுக்குச் சரி. எங்கள் வீட்டில் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். நான் ஊட்டினால் பத்து நிமிடம், அவரே சாப்பிட்டால் முக்கால் மணி" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலி வீட்டில் நேரம் என்பது பணம். பணம் என்பது மருந்து. எல்லா வேளையும் காத்திருக்க முடியாதுதான். ஒரு வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலையில் ஊட்டிவிடுங்கள், இரவில் அவரே உண்ணட்டும். சட்டையை நீங்கள் போட்டுவிடுங்கள். பொத்தானை அவர் போடட்டும். ஒரு நாளில் ஒரு காரியமாவது முழுக்க அவருடையதாக இருந்தால் போதும்.

"விழுந்துவிட்டால்?" என்பது அடுத்த அச்சம். அதுவும் வீணானதன்று. கழிப்பறைச் சுவரில் பிடிமானம் அடித்து, வழுக்கும் தரையையும் உயர்ந்த வாசற்படியையும் சரிசெய்து, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஆபத்து இருக்கும் இடத்தில் கையைப் பிடியுங்கள். தாமதம் மட்டுமே இருக்கும் இடத்தில் பொறுத்திருங்கள்.

"அறிவே தடுமாறிவிட்டதே" என்றால், அது வேறு நிலை. சிலருக்கு இந்நோயால் நினைவும் பகுத்தறிவும் குன்றுவது உண்டு. அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமையும் இல்லை. அவர் சொத்தை அமானிதமாகக் காக்கும் பொறுப்பு உறவினருக்கு வருகிறது. ஆனால் அந்த முடிவை மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு எடுக்க வேண்டும். நாக் குழறுவதைக் கொண்டு அறிவு போயிற்று என்று நாமே தீர்ப்பு எழுதிவிடலாகாது.

பணிவிடை செய்பவரின் ஹக்கு

இவ்வளவு சொல்லிவிட்டு, கட்டிலின் இந்தப் பக்கம் நிற்பவரை மறந்தால் அதுவும் அநீதி. பெரும்பாலும் அவர் மனைவி. அவருக்கும் வயதாகியிருக்கும், முழங்கால் வலி இருக்கும். இரவில் மூன்று முறை எழ வேண்டியிருக்கும். அடுத்தபடியாக மருமகள். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் மீது மார்க்கம் சுமத்திய கடமை அன்று. அவள் செய்வது இஹ்ஸான், உபகாரம். கடமை மகனுடையது, மகளுடையது. மனைவியின் கையால் செய்வித்துவிட்டுத் தான் பெற்றோரைப் பேணியதாக மகன் நினைத்துக்கொண்டால், அங்கேயும் கேள்வி அதுதான்: நீர் ஊற்றியது யார், நிய்யத் யாருடையது? வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளை, விடுமுறையில் வரும்போது தானே ஒரு மாதம் அத்தாவைத் தூக்கி உட்கார வைக்கட்டும். கட்டிக் கொடுத்த மகள் மாதத்தில் சில நாள் வந்து உம்மாவை உறங்க விடட்டும்.

நோயாளிக்கும் ஒரு சொல் உண்டு. காரணமில்லாமல் அழுகை வருவதும், சினம் பொங்குவதும், மனம் சோர்ந்து இருண்டுபோவதும் இந்நோயின் பகுதிகள். அதற்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டார் அதைப் பெரியவரின் குணம் என்று எண்ணிக் கசக்கக் கூடாது. ஆனால் இவ்வளவு நேரம், அவர் பொறுப்புள்ள முழு மனிதர் என்று வாதாடினோம். முழு மனிதருக்கு உரிமையோடு கடமையும் உண்டு. நாற்பது வருடம் சமைத்துப் போட்டு, இன்று தம் அசுத்தத்தையும் அருவருக்காமல் துடைக்கும் மனைவியை அவர் ஏசலாகாது. வராத நாவிலிருந்து முதலில் வரப் பழகும் சொற்களில் "ஜஸாக்கல்லாஹு" என்பதும் ஒன்றாக இருக்கட்டும். சொல்லே வராவிட்டால், நல்ல கையால் அவர் கையை ஒரு முறை பிடித்தால் போதும். முன்னே சொன்னோமே, சைகையும் சொல்தான்!

சகோதர சகோதரிகளே! திருவேங்கடத்து வீட்டில் சாத்திய கதவை இப்போது திறந்து பார்ப்போம். கணக்கு நோட்டை மகன் தினமும் இரவில் கட்டிலருகே கொண்டுவந்து, "அத்தா, இன்னிக்கு வரவு இவ்வளவு, சரக்கு எடுக்கலாமா?" என்று கேட்கட்டும். சம்பந்தம் பேச வந்தவர்களை அவர் அறையில் உட்கார வையுங்கள். பார்க்க வந்தவர்கள் அவரையே கேட்கட்டும். முடிகிற வெள்ளிக்கிழமையில் நாற்காலியோடு பள்ளிவாசலுக்கு அழைத்துப் போங்கள். ஜும்ஆ அவர் மீது கடமை இல்லாவிட்டாலும், தோளோடு தோள் நின்ற மனிதர்களை அவர் காண வேண்டும். ஒளுச் செய்விக்கும்போது நீரை ஊற்றுமுன் ஒரு கணம் நிறுத்துங்கள். அவர் நிய்யத் வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஊற்றுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் உடலுக்கு வலுவையும் உள்ளத்துக்குப் பொறுமையையும் அளிப்பானாக! நம் பெற்றோரின் கண்ணியத்தை அவர்கள் பலவீனமான நாளிலும் காத்து நடக்க நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.